முறிந்த வைஸும் வார்ப்பிரும்பை ஒட்டும் முறையும்

கமக்காரரின் கொட்டிலில் மண்வெட்டியும் தெளிகருவியும் எவ்வளவு தேவையோ அவ்வளவு தேவையானது வைஸ் எனப்படும் பிடிகருவியாகும். அரிவாளைத் தீட்டவும், மண்வெட்டிக்குப் பிடி இறுக்கவும், நீர்ப்பம்பியின் தண்டைக் கழற்றவும், இருசில்லு உழவு இயந்திரத்தின் கத்திகளை மாற்றவும் இரண்டு கைகள் போதா. மூன்றாவது கையாக நின்று பொருளை அசையாது பற்றிக்கொள்வது வைஸே. அது உள்ளவரை அதன் அருமையை எவரும் எண்ணுவதில்லை. முறிந்த அன்றுதான் எத்தனை வேலைகள் அதனை நம்பி இருந்தன என்பது தெரியவரும். அதிலும், வைஸ் பெரும்பாலும் போகம் தொடங்கும் வேளையிலேயே முறியும். வேலை மிகுந்திருக்கும்போதுதான் நாம் அதனை அளவுக்கு மீறி முறுக்குகிறோம்.

மாத்தளை நகருக்கு வடக்கே, தம்புள்ளை வீதியில் உள்ள அலுவிகாரைப் பகுதியில் நெல்லும் போஞ்சியும் செய்யும் பெரியவர் ஒருவர் வீட்டில் இவ்விதம் நேர்ந்தது. ஐப்பசி மழைக்கு முன் வயலை உழுதுவிட வேண்டுமென்று அவசரப்பட்ட அவர், உழவு இயந்திரத்தின் துருவேறிய உறுப்பொன்றை வைஸில் வைத்து, கைபிடிக் கோலின்மேல் ஒரு நீர்க்குழாயைச் செருகி முறுக்கினார். அசையும் தாடை அடியில் வெடித்தது. அன்றே அதனை வீதியோரக் கராஜ் ஒன்றுக்குக் கொண்டுபோய்ச் சாதாரண மின்னொட்டுக் குச்சியால் ஒட்டுவித்தார். மறுநாள் மீண்டும் இறுக்கியபோது தாடை முழுவதும் பெயர்ந்து, சாவி வழுக்கி, அவருடைய வலக்கையின் இரண்டு விரல்கள் நசுங்கின. அந்த மழைக்கு உழவு நடக்கவில்லை. விதைப்பு மூன்று கிழமை பிந்தியது.

நான் சென்று பார்த்தபோது முறிந்த துண்டைக் கையில் தந்து, "ஐயா, ஒட்டினது ஒட்டினபடியே இருக்குது. பக்கத்திலேதான் வெடிச்சிருக்குது. இது என்ன கூத்து?" என்று கேட்டார். அவர் கண்டது முற்றிலும் சரி. ஒட்டு சிறிதும் அறவில்லை. அதற்கு ஒரு நூல் அப்பால், ஒட்டின் விளிம்பையே பின்பற்றிக் கோடு கிழித்தாற்போல் இரும்பு பிளந்திருந்தது. அக்கேள்விக்கு விடை தெரிந்தால் வார்ப்பிரும்பை ஒட்டும் முறையில் பாதி தெரிந்ததாகும். ஆகவே அதனை முதலில் விளக்குவோம்.

வார்ப்பிரும்பின் இயல்பு

இரும்பு என்று நாம் பொதுவாகச் சொல்வன யாவும் ஓரினமல்ல. மண்வெட்டியும் ஆணியும் கம்பியும் உருக்கினாலானவை. சாதாரண மெல்லுருக்கில் காபன் நூற்றுக்குக் கால் பங்குக்கு மேற்படாது. வைஸ், பம்பியின் உடல், பழைய தையல் இயந்திரம், உழவு இயந்திரத்தின் கியர்ப்பெட்டிகள் சில ஆகியன வார்ப்பிரும்பினாலானவை. அதில் காபன் நூற்றுக்கு இரண்டரை முதல் நான்கு பங்குவரை உண்டு. இந்த மிகுதியான காபன் இரும்போடு கலந்து மறையாமல், பென்சிலில் உள்ள காரீயத்தைப் போன்ற மெல்லிய செதிள்களாக உள்ளே பரந்து கிடக்கிறது. முறிந்த முகத்தில் விரலைத் தேய்த்தால் கரி படிவதும், முறிவு சாம்பல் நிறமாகத் தோன்றுவதும் இதனாலேயே.

இச்செதிள்களால் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு. வார்ப்பிரும்பு உருக்கைவிடக் குறைந்த சூட்டில், ஏறக்குறைய 1,150 முதல் 1,200 பாகை செல்சியஸில் உருகி, அச்சின் மூலைமுடுக்கெல்லாம் ஓடி நிரம்பும். அரத்தால் எளிதில் அராவலாம். அதிர்ச்சியை விழுங்கும். நசுக்கும் பாரத்தை நன்றாகத் தாங்கும். ஆனால் இழுக்கும் பாரத்தைத் தாங்கும் வலு, நசுக்கும் பாரத்தைத் தாங்கும் வலுவில் மூன்றில் ஒன்று அல்லது நான்கில் ஒன்றே. உருக்கு முறியுமுன் வளைந்து நீண்டு எச்சரிக்கை செய்யும். வார்ப்பிரும்போ வளையாது, நீளாது, சொல்லாமல் முறியும்.

முற்காலத்து இரும்பு இவ்வகையினதன்று. மாத்தளை மாவட்டத்திலேயே, சிகிரியாவுக்கு அண்மையிலுள்ள அலகொலவெவப் பகுதியில், ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் இரும்பு உருக்கிய உலைகளைத் தொல்பொருளாராய்ச்சியாளர் அகழ்ந்து கண்டுள்ளனர். அவ்வுலைகளில் இரும்பு நீராக உருகவில்லை. பஞ்சு போன்ற கட்டியாகவே கிடைத்தது. அதனைக் காய்ச்சி அடித்துக் கொல்லர் கருவி செய்தனர். அலுவிகாரைக் குகைகளில் கி.மு. முதலாம் நூற்றாண்டில் திரிபிடகத்தை ஏடுகளில் எழுதிய காலத்தில் எழுத்தாணிகளுக்கு உதவிய இரும்பும் அத்தகையதாகவே இருந்திருக்கும். அவ்விரும்பின் இரண்டு துண்டுகளைச் செஞ்சூடாக்கிச் சம்மட்டியால் அடித்தே ஒன்றாக்கலாம். வார்ப்பிரும்பை அவ்வாறு அடித்தால் நொறுங்கிப் போகும். கொல்லருலையில் வைஸை ஒட்ட இயலாது என்று முதியோர் கூறுவது உண்மையே.

உங்கள் வைஸ் எவ்வினத்தது என்பதை ஒட்டுமுன் அறிய வேண்டும். உளியால் ஓர் ஓரத்தைச் சிறிது செதுக்குக. சுருளாக எழும்பினால் உருக்கு, பொடியாக உதிர்ந்தால் வார்ப்பிரும்பு. கிரைண்டர்க் கல்லில் தொட்டுப் பார்த்தாலும் தெரியும். உருக்கின் பொறி நீளமாக, மஞ்சளாக, பூத்துச் சிதறும். வார்ப்பிரும்பின் பொறி கல்லருகிலேயே மங்கிய சிவப்பாகக் குறுகி நிற்கும். 1940 களின் கடைசியில் உருண்டைக் காரீயமுள்ள வார்ப்பிரும்பு ஒன்று உலகிற்கு அறிமுகமாயிற்று. இக்காலத்து நல்ல வைஸ்கள் பல அதனாலானவை. அது சிறிது வளைந்து கொடுக்குமாதலால் எளிதில் முறியாது. முறிந்தாலும் கீழே கூறப்படும் முறைகளே அதற்கும் பொருந்தும்.

வைஸ் ஏன் முறிகிறது

இதில் சிறு கணக்கு உண்டு. கைபிடிக் கோல் திருகின் நடுவிலிருந்து 25 சென்ரிமீற்றர் நீளமென்றும், திருகு ஒரு சுற்றில் 5 மில்லிமீற்றர் முன்செல்கிறதென்றும் கொள்வோம். ஒரு சுற்றில் நமது கை 157 சென்ரிமீற்றர் செல்கிறது, தாடை அரைச் சென்ரிமீற்றர் நகர்கிறது. ஆகவே விசை 314 மடங்காகிறது. 15 கிலோகிராம் பாரத்தோடு தள்ளினால், உராய்வில் ஐந்தில் நான்கு பங்கு வீணானாலும், தாடைகளுக்கிடையே ஏறக்குறைய 940 கிலோகிராம் நெருக்கம் உண்டாகும். அதே கோலில் குழாயைச் செருகி 75 சென்ரிமீற்றராக்கினால் அது 2,800 கிலோகிராமுக்கு மேற்படும். வைஸைச் செய்தவர் கைபிடிக் கோலின் நீளத்தை மனிதனின் கைவலிமைக்கு அளந்தே வைத்தார். குழாயைச் செருகியவர் அந்த அளவைக் கலைத்துவிட்டார்.

இந்நெருக்கம் தாடைகளைப் பின்னோக்கி விரிக்கப் பார்க்கும். அப்போது தாடையின் அடியில், உட்புற மூலை இழுபடும். இழுவையைத் தாங்காத வார்ப்பிரும்பு அங்கேதான் முதலில் வெடிக்கும். பொருளைத் தாடையின் ஒரு மூலையில் மட்டும் பிடித்தல், கோலைச் சம்மட்டியால் அடித்து இறுக்குதல், மேசை மேடுபள்ளமாயிருக்க அடித்தளத்தின் காதுகளை ஆணி போட்டு இறுக்குதல் ஆகியனவும் முறிவுக்குக் காரணங்களாம். கடைசியிற் சொன்னதைப் பலர் அறியார். மேசைக்கும் காதுக்கும் இடையிலுள்ள வெளியைத் தகட்டுத் துண்டால் நிரப்பிய பின்னரே இறுக்க வேண்டும்.

சாதாரண ஒட்டு ஏன் நிலைப்பதில்லை

இப்போது பெரியவரின் கேள்விக்கு வருவோம். சாதாரண மெல்லுருக்குக் குச்சியால் வார்ப்பிரும்பை ஒட்டும்போது, மின்சுடர் பட்ட சிறு இடம் உருகுகிறது, சுற்றிலுமுள்ள தடித்த இரும்பு குளிர்ந்தே இருக்கிறது. சுடர் நீங்கியதும் அக்குளிர்ந்த இரும்பு சூட்டைச் சட்டென உறிஞ்சிவிடும். மெதுவாக ஆறினால் செதிளாகப் பிரிந்திருக்க வேண்டிய காபன், பிரிய நேரமின்றி இரும்போடு சேர்ந்து கண்ணாடி போன்ற கடினப் பொருளாகிறது. ஒட்டின் விளிம்பில் ஒரு நூல் அகலத்திற்கு இவ்வாறு ஒரு கடின வரம்பு உண்டாகிறது. அதில் அரம் வழுக்கும், துளைக்கருவி ஏறாது. அதே சமயம், உருகிய குச்சி இறுகிச் சுருங்குகிறது. உருக்கானால் சிறிது நீண்டு அச்சுருக்கத்திற்கு இடங்கொடுக்கும். வார்ப்பிரும்பு கொடாது. சுருங்கும் இழுவையும் கடின வரம்பும் ஒரே இடத்திற் கூட, அங்கே பிளக்கிறது. ஒட்டியபின் ஆறும் வேளையில் "டிக்" என்று ஒரு சத்தம் கேட்பதுண்டு. அதுவே பிளந்த சத்தம். சில வேளைகளில் வெடிப்புக் கண்ணுக்குத் தெரியாது. ஒட்டு நன்றாயிருப்பதாக எண்ணி இறுக்குபவரின் கையைத்தான் அது பதம் பார்க்கும்.

ஆகவே வார்ப்பிரும்பை ஒட்டும் நன்முறைகள் யாவும் ஒன்றையே நாடுகின்றன: சூட்டை மெதுவாக ஏற்றி மெதுவாக இறக்குதல், அன்றேல் சூடே ஏறாதபடி சிறிது சிறிதாக ஒட்டுதல். இரண்டுக்கும் நடுவே நின்று அவசரப்படுவதே தோல்வி.

ஒட்டுவதா, விடுவதா

முறிந்த இடத்தைப் பொறுத்தே இதனைத் தீர்மானிக்க வேண்டும். அடித்தளத்தின் காது முறிந்திருந்தால் ஒட்டுவது எளிது. ஒட்டாமலே அடியில் தடித்த உருக்குத் தகடு ஒன்றை வைத்து ஆணி போட்டும் சமாளிக்கலாம். சுரை மட்டும் தேய்ந்தோ உடைந்தோ இருந்தால் அதனை ஒட்ட வேண்டாம், கடைச்சற் பட்டறையில் புதிது செய்விப்பதே நன்று. தாடை அடியில் முறிந்து இரண்டே துண்டாக இருந்தால், பித்தளை ஒட்டினால் நல்ல பயன் கிடைக்கும். உள்ளே ஓடும் சட்டம் நடுவில் முறிந்திருந்தால் ஒட்டலாம், ஆயினும் மயிரளவு கோணினாலும் சட்டம் உடலுக்குள் ஓடாது. இதற்குக் கைதேர்ந்த பாஸ் ஒருவர் தேவை. மூன்று நாலு துண்டாகச் சிதறியதையும், துண்டு காணாமற் போனதையும், முன்பு உருக்குக் குச்சியால் இருமுறை ஒட்டிக் கெடுத்ததையும் பழைய இரும்புக்குக் கொடுத்துவிடுவதே உத்தமம். அவற்றுக்குச் செலவிடும் பணம் வீண்.

2022 ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடிக்குப் பின் இறக்குமதிக் கருவிகளின் விலை உயர்ந்ததால், முன்னர் எறிந்துவிடக் கூடியவற்றையும் மக்கள் செப்பனிட்டுக்கொள்ள விரும்புகின்றனர். அது நன்றே. ஆயினும் ஒட்டுகூலியை முதலிற் கேட்டு, அது புதிய வைஸின் விலையில் பாதிக்கு மேற்பட்டால், வைஸ் மிகப் பெரியதாகவோ தரமானதாகவோ இருந்தாலன்றி, ஒட்டுவிக்க வேண்டாம் என்பதே என் கருத்து. தோட்டத் தொழிற்சாலைகளிலிருந்து ஏலத்தில் வந்த பழைய பெரிய வைஸ்கள் இப்பகுதியிற் பல வீடுகளில் உள்ளன. அவை செப்பனிடத் தகுந்தவை.

ஒட்டுமுன் செய்யவேண்டியன

பாதி வேலை இதிலேயே அடங்கும். இதனைக் கமக்காரர் தாமே வீட்டில் செய்து கொண்டுபோனால் கூலியும் குறையும், வேலையும் திருந்தும்.

முதலில் திருகு, சுரை, தாடைத் தகடுகள் ஆகிய உருக்கு உறுப்புகளைக் கழற்றிவிடுக. வார்ப்பிரும்பின் செதிள்களுக்கிடையே பல்லாண்டு எண்ணெய் ஊறியிருக்கும். சலவைச் சோடாக் கரைத்த கொதிநீரில் ஊறவைத்துத் துலக்கி, உலர்த்தி, பின்பு முறிந்த பக்கத்தைச் சிரட்டைக்கரித் தணலில் புகை அடங்கும்வரை வாட்டுக. புகை வரும்வரை எண்ணெய் உண்டு. எண்ணெய் உள்ளவரை எவ்வொட்டும் பிடியாது.

அடுத்து, வெடிப்பு எங்கே முடிகிறதெனக் காண வேண்டும். மண்ணெண்ணெயைத் தடவிச் சற்றுப் பொறுத்து நன்றாகத் துடைத்துவிட்டு, சுண்ணக்கட்டியைப் பூசினால், வெடிப்பினுள் ஒளிந்திருந்த எண்ணெய் கசிந்து கோடாகத் தோன்றும். வெடிப்பு முழுவதும் அறாமல் பாதியில் நின்றிருந்தால், அதன் நுனியில் 3 மில்லிமீற்றர்த் துளை ஒன்று இடுக. இன்றேல் ஒட்டும்போது அச்சூட்டில் வெடிப்பு மேலும் ஓடும். துளையிட்டபின் மண்ணெண்ணெய் மணம் அற்றுப்போகுமாறு மறுபடியும் வாட்டுக.

பின்பு முறிந்த விளிம்புகளை இருபுறமும் சாய்வாகச் செதுக்கி, இரண்டும் சேர்ந்தால் ஆப்பு வடிவப் பள்ளம் உண்டாகுமாறு செய்க. பித்தளை ஒட்டுக்குப் பள்ளம் அகன்றிருக்க வேண்டும், அதாவது செங்கோணமாயிருத்தல் நன்று. நிக்கல் குச்சிக்குச் சற்றுக் குறுகலாம். ஆனால் முறிந்த முகம் முழுவதையும் செதுக்கிவிடலாகாது. நடுவில் ஒரு பகுதியைச் செதுக்காமல் விட்டால், அந்த உடைந்த பற்கள் ஒன்றோடொன்று பொருந்தித் துண்டைப் பழைய இடத்திலேயே நிறுத்தும். முழுவதையும் கிரைண்டரால் வழித்துவிட்டுப் பிறகு எந்தத் துண்டு எங்கே இருந்ததென்று தேடுவோரைக் கண்டிருக்கிறேன்.

பித்தளை ஒட்டுக்கு மற்றுமொரு நுட்பம் உண்டு. கிரைண்டர்க் கல் காரீயத்தை இழுத்து முகம் முழுவதும் பூசிவிடும். பூசிய இடத்தில் பித்தளை, தாமரை இலைத் தண்ணீர்போல ஒட்டாது உருளும். ஆகவே கடைசியாக அரத்தாலோ உளியாலோ புதுமுகம் காட்டுக.

பித்தளை ஒட்டு

கிராமத்துக் கராஜில் வைஸின் தாடைக்கு மிகப் பொருத்தமானது இதுவே. இதில் வார்ப்பிரும்பு உருகுவதில்லை. செம்பு ஏறக்குறைய 60 பங்கும் நாகம் 40 பங்கும் சிறிது வெள்ளீயமும் கலந்த பித்தளைக் குச்சி 900 பாகைக்குச் சற்றுக் குறைந்த சூட்டில் உருகி, செஞ்சூடான இரும்பின் முகத்தில் பரவிப் பற்றுகிறது. இரும்பு உருகாததால் முன் சொன்ன கடின வரம்பு உண்டாவதில்லை. பித்தளை மெல்லிய இயல்பினதாதலால் ஆறும்போது தானே சிறிது நீண்டு கொடுக்கும்.

ஒட்சிசனும் அசற்றலீனும் கலந்த வாயுச்சுடரே இதற்கு வேண்டும். துண்டுகளைச் செங்கற்களின்மேல் நேராக வைத்து, நேரான கோண இரும்பொன்றைத் துணையாக வைத்துக் கட்டுக. முறிந்த இடத்தை மட்டும் காய்ச்சாமல் முழுத் துண்டையும் சுடரால் சுற்றிச் சுற்றி மெதுவாகச் சூடேற்றுக. காகிதத் துண்டை வைத்தால் பழுப்பாகிக் கருகத் தொடங்கும் சூடு எங்கும் பரவிய பிறகே முறிவைச் செஞ்சூடாக்கத் தொடங்கலாம். குச்சியின் நுனியைக் காய்ச்சி வெண்காரப் பொடியில் தோய்த்து, மங்கிய சிவப்பான முகத்தில் தொடுக. சூடு சரியாக இருந்தால் பித்தளை மெல்லிய படலமாக ஓடிப் பூசிக்கொள்ளும். சூடு குறைந்தால் முத்துமுத்தாக நிற்கும், மிகுந்தால் கொதித்து வெண்புகை எழும்பும். இரு முகங்களுக்கும் இவ்வாறு முதற்பூச்சுப் பூசிய பின்னரே பள்ளத்தைப் படைபடையாக நிரப்ப வேண்டும். முதற்பூச்சு இல்லாமல் நிரப்பிய பித்தளை, ஓட்டைப் பானையில் வைத்த களிமண் போன்றது. ஒரு நாள் அப்படியே கழன்று விழும். அகன்ற பரப்பில் பற்றுவதே இவ்வொட்டின் வலுவாதலால், பள்ளத்திற்கு வெளியேயும் இருபுறம் ஒரு விரலகலம் பரவவிட்டு மேடாக முடிக்குக.

அலுவிகாரையில் எனா த சில்வா அம்மையார் தொடக்கிய கைப்பணி நிலையத்தில் பத்திக், தையல், மரவேலை ஆகியவற்றோடு பித்தளை வார்ப்பும் இடம்பெற்றது. பித்தளை வார்ப்போர் எவரைக் கேட்டாலும், நாகம் புகையத் தொடங்கியபின் உலோகம் கெட்டுவிட்டது என்பர். ஒட்டிலும் அஃதே. வெண்புகை கண்டால் சுடரை உடனே தூர எடுக்க வேண்டும்.

நிக்கல் குச்சி ஒட்டு

வாயுச்சுடர் இல்லாத இடத்தில், மின்னொட்டுப் பெட்டியால் ஒட்ட வேண்டுமாயின், வார்ப்பிரும்புக்கென விற்கப்படும் நிக்கல் குச்சியைக் கேட்டு வாங்குக. இதில் இருவகை உண்டு. ஏறக்குறைய முழுவதும் நிக்கலானது மெல்லிய பகுதிகளுக்கு நன்று, அராவுவதற்கும் எளிது. பாதிக்குச் சற்று மேல் நிக்கலும் மிகுதி இரும்பும் கலந்தது வலுவானது. வைஸ் போன்ற தடித்த பொருளுக்கும், வார்ப்பிரும்பை உருக்கோடு ஒட்டுவதற்கும் இதுவே ஏற்றது. இரண்டும் விலை கூடியவை. ஆயினும் ஒரு தாடைக்கு முழுக் கட்டும் தேவையில்லை. சில கடைகளில் எண்ணிக்கையாகவும் கொடுப்பார்கள்.

இம்முறையின் உயிர் பொறுமை. ஒரு முறைக்கு ஓரங்குல நீளமே ஒட்ட வேண்டும். ஒட்டிய உடனே, செஞ்சூடு தணியுமுன், உருண்டைத் தலைச் சுத்தியலால் மெல்ல மெல்லத் தட்டுக. தட்டும்போது ஒட்டு சிறிது விரிந்து, சுருங்கும் இழுவை தீரும். பின்பு கையை வைத்துப் பொறுக்கக்கூடிய சூடு வரும்வரை காத்திருந்து, அடுத்த அங்குலத்தை அதன் அருகில் இடாமல் எதிர்ப்புறத்தில் இடுக. மின்னோட்டத்தைக் குச்சிக் கட்டில் அச்சிட்ட அளவின் கீழெல்லையில் வைத்துக்கொள்க. இவ்வாறு செய்தால் ஒரு தாடைக்கு அரைநாள் செல்லும். "அரை மணியில் முடித்துத் தருகிறேன்" என்று சொல்லும் இடத்தில் கொடுக்க வேண்டாம்.

வார்ப்பிரும்புக் குச்சியையே உருக்கி ஒட்டும் மூன்றாவது முறையும் உண்டு. அது நிறத்தாலும் வலுவாலும் முதலிரும்போடு ஒத்திருக்கும். ஆனால் முழுத் துண்டையும் 600 முதல் 650 பாகைவரை, அதாவது இருட்டில் மங்கிய சிவப்புத் தோன்றும்வரை, செங்கற் கூட்டில் கரியிட்டுச் சில மணி நேரம் காய்ச்சி, அச்சூட்டிலேயே ஒட்டி, ஒரு முழுநாள் ஆறவிட வேண்டும். பெரிய பட்டறைகளுக்கே இது இயலும்.

ஆறவிடுதலும் உமிச்சாம்பலும்

பித்தளை ஒட்டிலும் மூன்றாவது முறையிலும், சுடரை அணைத்ததும் வேலை முடிந்துவிடவில்லை. சூடான துண்டைத் திறந்த வெளியில் காற்றடிக்க விட்டால் மெல்லிய பாகம் முந்தியும் தடித்த பாகம் பிந்தியும் ஆறி, ஒன்றையொன்று இழுத்து வெடிக்கும். நீர் ஊற்றுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மேல்நாட்டு நூல்களில் சுண்ணாம்புப் பொடியிலோ கல்நார்ப் போர்வையிலோ புதைக்குமாறு கூறப்பட்டிருக்கும். கல்நார்த் தூசி நுரையீரலைக் கெடுப்பதென இப்போது நன்கறியப்பட்டுள்ளதால் அதனைத் தொடவே வேண்டாம். நெல் விளைவிக்கும் நமக்கு அதனிலும் சிறந்த பொருள் களத்தோரத்தில் குவிந்து கிடக்கிறது. அதுவே உமிச்சாம்பல். உமியின் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. நுண்துளைகள் நிறைந்ததாதலால் சூட்டை வெளியே விடாது. பெரும் உருக்காலைகளில் உருகிய உருக்கின் மேற்பரப்பு ஆறாதிருக்க இச்சாம்பலையே தூவி மூடுகின்றனர் என்றால் அதன் ஆற்றலை வேறு சொல்ல வேண்டியதில்லை.

நன்றாக எரிந்து வெளுத்த உமிச்சாம்பலைப் பழைய பீப்பாய் ஒன்றில் முக்காற்பங்கு நிரப்பி, வெயிலில் ஈரமறக் காயவைத்துக் கொள்க. ஒட்டச் செல்லுமுன் அதனைக் கராஜுக்கே கொண்டுபோய் வைக்க வேண்டும். ஈரச்சாம்பல் ஆகாது. ஒட்டி முடிந்ததும் துண்டைக் கொறட்டால் எடுத்துச் சாம்பலின் நடுவே புதைத்து, மேலும் ஒரு சாண் உயரம் மூடி, மறுநாட் காலைவரை திறந்து பார்க்காமல் விடுக. பெரியவரின் வைஸைப் பித்தளையால் ஒட்டியபோது மாலை ஐந்து மணிக்குப் புதைத்தோம். மறுநாள் காலை எடுத்தபோது கையில் இளஞ்சூடு தெரிந்தது. பாஸ் வியந்து, மீதிச் சாம்பலைத் தமக்கே தந்துபோகும்படி கேட்டுக்கொண்டார். சாம்பலை வாரும்போது வாயையும் மூக்கையும் துணியால் மூடிக்கொள்க. அத்தூசி நெஞ்சுக்கு நல்லதன்று.

உடலுக்குக் காவல்

மின்னொட்டின் சுடரை வெறுங்கண்ணால் பார்த்தவருக்கு, அன்றிரவு கண்ணில் மணல் கொட்டினாற்போல் எரிச்சல் உண்டாகும். வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளைத் தூர அனுப்புக. பித்தளை ஒட்டின் வெண்புகையை மூச்சில் ஏற்றவருக்குச் சில மணி நேரத்தின் பின் குளிரும் காய்ச்சலும் வருவதுண்டு. பால் குடித்தால் நீங்கும் என்பர். பால் அதனைத் தடுக்காது. காற்றோட்டமான இடத்தில், காற்று வரும் பக்கமாக நின்று வேலை செய்வதே தடுப்பு. உழவு இயந்திரத்தைக் கழற்றிய எண்ணெய்க் கையோடு ஒட்சிசன் உருளையின் வாயிலை எவரும் தொடலாகாது. அழுத்தமுள்ள ஒட்சிசனும் எண்ணெயும் சந்தித்தால் தீப்பற்றி வெடிக்கும். ஈரநிலத்தில் வெறுங்காலோடு மின்னொட்டுச் செய்வதும் உயிருக்கு இறுதியாகும்.

ஒட்டியபின் சோதித்தல்

ஆறிய துண்டை அரத்தால் அராவி, உட்சட்டம் உடலுக்குள் தடங்கலின்றி ஓடுகிறதா என்று பார்க்குக. மண்ணெண்ணெயும் சுண்ணக்கட்டியும் கொண்டு முன்போலவே வெடிப்புச் சோதனை செய்க. ஒட்டின் விளிம்பை விசேடமாக நோக்குக. புதுக்கோடு தோன்றினால் அந்த வைஸை இறுக்கவே கூடாது. கோடில்லையாயின் தாடைகளுக்கிடையில் மரக்கட்டையை வைத்து, ஒரு கையால் மட்டும் இறுக்கி, முகத்தைத் தாடைக்கு நேரே வைக்காமல் பக்கத்தில் நின்று பார்த்து, ஓரிரவு அப்படியே விடுக. மறுநாள் இன்னும் சிறிது இறுக்கி மறுபடியும் சுண்ணக்கட்டியால் பார்க்குக.

ஒட்டிய வைஸ் புதிய வைஸாகாது. அரிவாள் தீட்டுதல், பிடி இறுக்குதல், தெளிகருவியின் குழல்களைக் கழற்றுதல் ஆகியவற்றுக்கு அது பல்லாண்டு உதவும். துருவேறிய உறுப்பை அடித்துக் கழற்றும் வேலைக்கு உதவாது. அவ்வேலைக்குக் கொல்லர் செய்யும் காலுள்ள உருக்கு வைஸோ, தரையில் ஊன்றிய கனத்த இரும்புக் கட்டையோ வேண்டும். துருவேறிய திருகாணிக்கு முதல்நாள் இரவே எண்ணெய் விட்டு வைத்தால் காலையில் குழாய் தேவைப்படாது. தாடையின் ஒரு மூலையில் பொருளைப் பிடிக்க நேர்ந்தால், மறு மூலையிலும் அதே தடிப்புள்ள கட்டையொன்றை வைத்து இறுக்குக. பித்தளையால் ஒட்டிய தாடையில் பொருளை வைத்து வாயுச்சுடரால் காய்ச்சுவதைத் தவிர்க்க வேண்டும். பித்தளை சூட்டில் வலுவிழக்கும்.

நீர்ப்பம்பியின் வார்ப்பிரும்பு உடல் வெடித்தாலும் மேற்கூறிய முறைகளே பொருந்தும். ஆனால் அது மெல்லிய சுவருடையதாதலால் முழு நிக்கல் குச்சியே நன்று, நீரை நிரப்பி ஒழுக்குப் பார்த்த பின்னரே கிணற்றில் பொருத்த வேண்டும். வார்ப்பிரும்புப் பொருளை ஒட்டக் கொண்டுசெல்லும்போது, "இது வார்ப்பு, பித்தளையாலா நிக்கலாலா ஒட்டப் போகிறீர்கள்?" என்று பாஸிடம் முதலிலேயே கேட்டுவிடுக. விடை சொல்லத் தயங்குபவரிடம் துண்டைக் கொடாமல் திரும்பி வருக. பெரியவர் இப்போது தமது வைஸின் கைபிடிக் கோலில் சிவப்புச் சாயம் பூசி, நீர்க்குழாயை வேலிக்குக் காலாக நட்டுவிட்டார்.